செல்பேசிக் கோபுரத்தின் அலைவளத்தை நேரடிச் சாதனத் தொடர்புடன் பகிரும் முறை

ஒரே வளாகத்தில் இருபத்தைந்து மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு செல்பேசிகள் ஒரு கோப்பைப் பரிமாறிக்கொள்ளும்போது, அந்தத் தரவு வழக்கமாகக் கோபுரத்துக்கு ஏறி, மைய வலையமைப்பைத் தொட்டு, பிறகு அதே கோபுரத்திலிருந்து இறங்கி வருகிறது. ஏறுவதற்கு ஒரு பங்கு, இறங்குவதற்கு ஒரு பங்கு என்று அலைக்கற்றை இருமுறை செலவாகிறது. இரண்டு சாதனங்களும் நேரடியாகப் பேசிக்கொண்டால் இந்தச் செலவு பாதியாகும். அதுவும் ஏற்கெனவே வேறொரு பயனருக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையின் மேலேயே பேசிக்கொள்ள முடிந்தால், புதிதாக எதையும் செலவழிக்காமலேயே இன்னொரு இணைப்பு கிடைத்துவிடும். ஆனால் ஒரே அலைவரிசையில் இருவர் ஒலிபரப்பினால் ஒருவருக்கு மற்றவர் குறுக்கீடு. அந்தக் குறுக்கீட்டை அளந்து, வரம்பிட்டு, யாருடைய அலைவரிசையை யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கும் வேலையை ஒரு செல்லின், அதாவது ஒரு கோபுரம் சேவை தரும் பரப்பின், அளவில் படிப்படியாகச் செய்யும் முறையை இந்தக் கட்டுரை விளக்குகிறது. இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகவோ ஆய்வுக்காகவோ கணினியில் ஒரு மாதிரியை உருவாக்க முனைபவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

முதலில் சில அளவுகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்டிஇ (4ஜி) முறையில் அலைவளம் ரிசோர்ஸ் பிளாக் என்னும் துண்டுகளாகப் பங்கிடப்படுகிறது. ஒரு பிளாக் என்பது 15 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 12 துணை அலைகள், அதாவது 180 கிலோஹெர்ட்ஸ். 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு செல்லில் இத்தகைய 50 பிளாக்குகள் உண்டு. வழக்கமான செல்பேசியின் உச்சத் திறன் 23 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாக வைத்த டெசிபல் அளவு), அதாவது ஏறத்தாழ 200 மில்லிவாட். கோபுரத்தோடு பேசுபவரைச் செல் பயனர் என்றும், நேரடியாகப் பேசிக்கொள்ளும் இரு சாதனங்களை நேரடி இணை என்றும் இனி குறிப்பிடுகிறேன்.

எந்த முறையில் பேசுவது?

ஒரு நேரடி இணைக்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. கோபுரத்தின் வழியாகவே பேசலாம். தமக்கென ஒதுக்கிவைக்கப்பட்ட தனிப் பிளாக்குகளில் நேரடியாகப் பேசலாம். அல்லது ஒரு செல் பயனரின் பிளாக்கையே பகிர்ந்துகொண்டு பேசலாம். முதல் வழி பாதுகாப்பானது, செலவு கூடியது. இரண்டாவதில் குறுக்கீட்டுச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. எனினும் இணைகள் பேசாத நேரத்தில் அந்தப் பிளாக்குகள் வீணாகின்றன. மூன்றாவது வழியே ஆதாயம் மிகுந்தது, கணக்கும் மிகுந்தது. ஆய்வாளர்கள் மூன்றாவதையே பெரிதும் விரும்பி எழுதுகிறார்கள். செல்பேசித் தொடர்புக்கான தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்போ, 2015ஆம் ஆண்டில் முடிவடைந்த தனது 12ஆம் வெளியீட்டில் நேரடித் தொடர்பை முதன்முதலாகச் சேர்த்தபோது, அதை முதன்மையாக, நேரடித் தொடர்புக்கென முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் வளக்குளம் என்னும் ஏற்பாட்டின் மேலேயே கட்டியது. நேரடித் தரவுப் பரிமாற்றத்தை அப்போது பொதுப் பாதுகாப்புப் பணிக்கு மட்டுமே அனுமதித்தது. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. பகிர்வில் பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுபவர், கட்டணம் செலுத்திவிட்டு இந்த ஏற்பாட்டைப் பற்றி எதுவுமே அறியாமல் பேசிக்கொண்டிருக்கும் செல் பயனர்.

எனவே மூன்று வழிகளையும் மாதிரியில் வைத்திருங்கள். பகிர்வுக்குத் தகுதியில்லாத இணையைத் தனிப் பிளாக்குக்கோ கோபுரத்துக்கோ திருப்பிவிடும் வாய்ப்பு இல்லாத மாதிரி, கடைசியில் எல்லா இணைகளையும் எப்படியாவது திணித்துவிடும்.

அப்லிங்கைத் தேர்ந்தெடுங்கள்

பகிர்வு அப்லிங்கிலா (செல்பேசியிலிருந்து கோபுரத்துக்கு) டவுன்லிங்கிலா (கோபுரத்திலிருந்து செல்பேசிக்கு) என்ற கேள்விக்கு விடை ஏறக்குறைய எப்போதும் அப்லிங்க்தான். டவுன்லிங்கில் கோபுரம் மிகுந்த திறனோடு ஒலிபரப்புவதால் நேரடி இணையின் ஏற்பி மூழ்கிப்போகும்; மறுபுறம், நேரடி இணையால் பாதிக்கப்படும் செல் பயனர் செல்லுக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், நகர்ந்துகொண்டும் இருக்கலாம். அப்லிங்கில் பாதிக்கப்படும் ஏற்பி ஒன்றே ஒன்று, அது கோபுரம். அது நகராது, தனக்கு வரும் குறுக்கீட்டைத் தானே அளக்கும், ஒதுக்கீட்டை முடிவு செய்வதும் அதுவே. 3ஜிபிபி தன் 12ஆம் வெளியீட்டில் வகுத்த சைட்லிங்க் (சாதனத்திலிருந்து சாதனத்துக்கான நேரடி இணைப்பு) அமைப்பும் அப்லிங்க் அலைக்கற்றையையே பயன்படுத்துகிறது.

நான்கு பாதைகள், நான்கு இழப்புகள்

ஒரு செல் பயனரும் ஒரு நேரடி இணையும் ஒரு பிளாக்கைப் பகிரும்போது நான்கு பாதைகளின் இழப்பு தேவைப்படுகிறது: செல் பயனரிலிருந்து கோபுரத்துக்கு, இணையின் அனுப்பியிலிருந்து ஏற்பிக்கு, இணையின் அனுப்பியிலிருந்து கோபுரத்துக்கு, செல் பயனரிலிருந்து இணையின் ஏற்பிக்கு. முதல் மூன்றையும் பெறுவதில் பெரிய சிரமம் இல்லை. செல்பேசிகள் அனுப்பும் அளவீட்டுச் சிக்னலைக் கேட்டு முதலாவதையும் மூன்றாவதையும் கோபுரமே கணிக்கும். இரண்டாவதை இணை தானே அளந்து சொல்லும்.

நான்காவதுதான் தொல்லை. 50 செல் பயனர்களும் 50 இணைகளும் இருந்தால் இந்த வகைப் பாதைகள் மட்டும் 2,500. ஒவ்வொன்றையும் அளந்து கோபுரத்துக்கு அறிக்கை அனுப்பவே அலைவளத்தின் கணிசமான பகுதி போய்விடும். இதற்கு நடைமுறைக்கேற்ற ஒரு வழி, செல் பயனர்களின் அளவீட்டுச் சிக்னல் எப்போது, எந்தத் துணை அலைகளில் வரும் என்பதைக் கோபுரம் இணைகளுக்கு அறிவிப்பதும், ஒவ்வோர் ஏற்பியும் தனக்கு மிக வலுவாகக் கேட்கும் நாலைந்து பயனர்களின் விவரத்தை மட்டும் திருப்பி அனுப்புவதும் ஆகும். மற்றவர்கள் எல்லாரும் போதிய தொலைவில் இருப்பதாகக் கொள்ளலாம். நான்கு பாதைகளும் ஒவ்வொரு கணமும் துல்லியமாகத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளும் மாதிரிகள் ஏராளம். அவற்றின் முடிவுகளை மேல்வரம்பாக மட்டுமே வாசிக்க வேண்டும்.

கணினி மாதிரியில் இழப்பைக் கணக்கிட, 2 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் பரவலாகப் புழங்கும் இரண்டு சூத்திரங்கள் போதும். கோபுரத்துக்கும் செல்பேசிக்கும் இடையே 128.1 + 37.6 × மடக்கை(தூரம்) டெசிபல். இரு செல்பேசிகளுக்கு இடையே 148 + 40 × மடக்கை(தூரம்) டெசிபல். தூரம் கிலோமீட்டரில், மடக்கை பத்தின் அடிமானத்தில். கோபுரத்தின் சூத்திரத்தையே செல்பேசிகளுக்கு இடையிலும் பயன்படுத்துவது அடிக்கடி காணப்படும் பிழை. இரண்டு செல்பேசிகளும் ஆள் உயரத்தில் இருப்பதால் அவற்றுக்கிடையே இழப்பு கூடுதல், அது நமக்குச் சாதகமும்கூட.

கூரையும் தரையும்

இப்போது கணக்கின் மையத்துக்கு வருவோம். இணையின் அனுப்பு திறனுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. செல் பயனரைக் காப்பாற்றுவதற்காக அது எதைத் தாண்டக் கூடாதோ அது கூரை. தன் ஏற்பிக்குச் செய்தி புரிவதற்காக எதற்குக் கீழே போகக் கூடாதோ அது தரை. தரை கூரைக்குக் கீழே இருந்தால் அந்தப் பகிர்வு சாத்தியம். மேலே போய்விட்டால், எந்தக் கணிப்பு நெறியை (அல்காரிதத்தை) கொண்டுவந்தாலும் சாத்தியமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. செல் பயனர் கோபுரத்திலிருந்து 200 மீட்டரில் இருக்கிறார். அவருடைய பாதை இழப்பு 101.8 டெசிபல். அவர் ஒரு பிளாக்கில் 10 டிபிஎம் திறனோடு அனுப்பினால் கோபுரத்தில் −91.8 டிபிஎம் வந்துசேரும். 180 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்ப இரைச்சல் −121.4 டிபிஎம், கோபுர ஏற்பியின் சொந்த இரைச்சலாக 5 டெசிபலைச் சேர்த்தால் −116.4. ஆகவே பகிர்வு இல்லாதபோது அவருடைய சிக்னல், இரைச்சலைவிட 24.6 டெசிபல் மேலே நிற்கிறது. அவருடைய சேவைக்கு 12 டெசிபல் போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரைச்சலும் குறுக்கீடும் சேர்ந்து −103.8 டிபிஎம் வரை போகலாம். இதிலிருந்து இரைச்சலைக் கழிக்க வேண்டும். டெசிபலிலேயே கழிக்காமல் மில்லிவாட்டுக்கு மாற்றிக் கழித்தால், குறுக்கீட்டுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ −104 டிபிஎம்.

நேரடி இணை கோபுரத்துக்கு எதிர்ப்புறத்தில் 400 மீட்டரில் இருக்கிறது. இரு சாதனங்களுக்கும் இடையே 25 மீட்டர். அனுப்பியிலிருந்து கோபுரத்துக்கு இழப்பு 113.1 டெசிபல் என்பதால், கூரை −104 + 113.1 = 9.1 டிபிஎம். இனி தரை. செல் பயனர் 600 மீட்டர் தள்ளி இருப்பதால் அவருடைய குறுக்கீடு இணையின் ஏற்பியை −129.1 டிபிஎம் அளவில் அடைகிறது. செல்பேசி ஏற்பியின் சொந்த இரைச்சலாக 9 டெசிபல் சேர்த்தால் அங்கே இரைச்சல் −112.4; அதன் முன் இந்தக் குறுக்கீடு ஒன்றுமே இல்லை. இணைக்கு 16 குவாம் பண்பேற்றம் (ஒரு குறியில் 4 பிட்டுகளை ஏற்றும் முறை) வேண்டும், மங்கலுக்கான (சிக்னல் வலிமையின் ஏற்ற இறக்கத்துக்கான) ஒதுக்கீட்டோடு சேர்த்து 20 டெசிபல் தேவை என்று கொண்டால், 83.9 டெசிபல் இழப்புள்ள 25 மீட்டர் பாதைக்குத் தரை ஏறத்தாழ −8.4 டிபிஎம். கூரைக்கும் தரைக்கும் இடையே 17 டெசிபலுக்கு மேல் இடம் இருக்கிறது.

இதே இணைக்கு வேறு பங்காளியைக் கொடுத்துப் பாருங்கள். இணையின் ஏற்பியிலிருந்து 30 மீட்டரில், கோபுரத்திலிருந்து 400 மீட்டரில் ஒரு செல் பயனர் இருக்கிறார். கோபுரத்தில் அதே −91.8 டிபிஎம் சேர வேண்டுமானால் அவர் 21.3 டிபிஎம் அனுப்ப வேண்டும். கூரை மாறவில்லை, அதே 9.1. ஆனால் அவருடைய குறுக்கீடு ஏற்பியில் −65.8 டிபிஎம். தரை 38 டிபிஎம்முக்கு ஏறிவிடுகிறது. தேவையை 10 டெசிபலாகக் குறைத்தாலும் 28 டிபிஎம். செல்பேசியின் உச்சத் திறனான 23ஐயே அது தாண்டுகிறது.

மூன்றாவதாக, முதல் பங்காளியையே வைத்துக்கொண்டு இணையைக் கோபுரத்துக்கு 100 மீட்டர் அருகே கொண்டுவருவோம். கோபுரத்துக்கான இழப்பு 90.5 டெசிபலாகக் குறைவதால் கூரை −13.5 டிபிஎம்முக்கு இறங்குகிறது. 300 மீட்டர் தள்ளியுள்ள செல் பயனரின் குறுக்கீட்டையும் சேர்த்தால் 16 குவாமுக்கான தரை −7.2, பகிர முடியாது. 10 டெசிபல் போதும் என்று 2 பிட்டுகளை மட்டும் ஏற்றும் க்யூபிஎஸ்கே பண்பேற்றத்துக்கு இறங்கினால் தரை −17.2, பகிரலாம்.

இந்த மூன்று கணக்குகளும் கற்றுத்தரும் அளவுக்கு எந்தக் கணிப்பு நெறியும் கற்றுத்தராது என்பது என் கருத்து. இணை கோபுரத்திலிருந்து எவ்வளவு தூரம், பங்காளி ஏற்பியிலிருந்து எவ்வளவு தூரம் என்ற இரண்டும் விடையின் பெரும்பகுதியை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே நெறியை எழுத உட்காரும் முன் எல்லாச் சேர்க்கைகளுக்கும் கூரையையும் தரையையும் கணக்கிட்டு, இரண்டின் வித்தியாசத்தை டெசிபலில் ஓர் அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்மறையாக வரும் சேர்க்கைகளை அப்போதே நீக்கிவிடலாம். கட்டடம் போன்ற தடைகளால் வரும் நிழல் மங்கலின் நியமவிலக்கத்தை மாதிரிகளில் 8 டெசிபல் என்று கொள்வது வழக்கம். ஆதலால் வித்தியாசம் அந்த அளவுக்கும் குறைவாக உள்ள சேர்க்கைகளையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

கூரை வரை போக வேண்டியதில்லை

இருவரின் மொத்த வேகத்தைப் பெருக்குவதே நோக்கம் என்று சமன்பாட்டில் எழுதினால், விடை எப்போதும் எல்லையில்தான் போய் நிற்கும்; அனுப்புபவர்களில் ஒருவராவது உச்சத் திறனில் இருப்பார், அல்லது செல் பயனர் தன் குறைந்தபட்சத் தேவையில் நிற்பார். கணிதமாக இது சரி. ஆனால் முதல் எடுத்துக்காட்டில் இணை 9 டிபிஎம்மில் அனுப்பினால் அதன் ஏற்பிக்கு 37 டெசிபலுக்கு மேல் கிடைக்கிறது. ஒரு பாதையின் கோட்பாட்டு உச்ச வேகத்தைத் தரும் ஷானன் சூத்திரம் அதை ஒரு ஹெர்ட்சுக்கு 12 பிட்டுக்கும் கூடுதலாகக் கணக்கிட்டு மகிழும். 12ஆம் வெளியீட்டின் சைட்லிங்க்கோ 16 குவாமைத் தாண்டாது. பிழைதிருத்தக் குறியீட்டுக்கு முந்தைய உச்சமே 4 பிட்தான். மிச்சமெல்லாம் யாருக்கும் பயனில்லாத குறுக்கீடு.

அதே இணை −8 டிபிஎம்மில் அனுப்பினால் அதன் ஏற்பிக்கு 20 டெசிபல் கிடைக்கிறது, தேவையும் அவ்வளவே. கோபுரத்தில் அதன் குறுக்கீடு −121.1 டிபிஎம், இரைச்சலுக்கும் கீழே. செல் பயனரின் சிக்னலுக்கும் இரைச்சல்-குறுக்கீட்டுக்கும் உள்ள விகிதம் 24.6இலிருந்து 23.3க்கு மட்டுமே இறங்குகிறது. கூரை வரை போயிருந்தால் அது 12க்கு வந்திருக்கும். ஆகவே திறனைத் தரையிலிருந்து சற்று மேலே வையுங்கள். கூரையை மீறக் கூடாத எல்லையாக மட்டும் கொள்ளுங்கள். வேகத்தைக் கணக்கிடும் இடத்தில் ஷானன் மதிப்புக்கு உண்மையான பண்பேற்றத்தின் உச்சவரம்பைப் போடுங்கள். இந்த ஒரே வரி நிரலில் சேர்ந்தவுடன் பல கவர்ச்சியான வரைபடங்கள் சாதாரணமாகிவிடுவதைக் காண்பீர்கள்.

யாருக்கு யார்?

தகுதியான சேர்க்கைகள் தெரிந்த பிறகு ஒதுக்கீடு. ஒரு பிளாக்கை ஓர் இணை மட்டுமே பகிரலாம், ஓர் இணைக்கு ஒரு பங்காளி மட்டுமே என்ற நிபந்தனையில் இது இருபுறப் பொருத்தக் கணக்காகிறது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் எடை வேண்டும். பகிர்வுக்குப் பின் இருவரும் பெறும் மொத்த வேகத்திலிருந்து, செல் பயனர் தனியாக இருந்தபோது பெற்ற வேகத்தைக் கழித்து வருவதையே எடையாக வையுங்கள். கழிக்காவிட்டால் நல்ல இடத்தில் இருக்கும் செல் பயனர்களின் சொந்த வேகம் ஆதாயமாகத் தோற்றமளித்து விடையைத் திரித்துவிடும்.

பேராசை நெறி எளிது: மிகப் பெரிய எடையை முதலில் எடு, அடுத்ததற்குப் போ. அது தவறும் இடமும் எளிதில் காட்டக்கூடியதே. முதல் இணைக்கு இரண்டு பயனர்களோடும் முறையே 5.0, 4.5 எடைகள், இரண்டாம் இணைக்கு 4.0, 0.5. பேராசை நெறி 5.0ஐப் பிடித்துக்கொண்டு மற்றதற்கு 0.5ஐத் தள்ளும், மொத்தம் 5.5. மாற்றிக் கொடுத்தால் 4.5 + 4.0 = 8.5. இந்தச் சிறந்த விடையைத் தேடாமலே தருவது ஹங்கேரிய நெறி. 1955இல் ஹரோல்ட் குன் வெளியிட்ட இந்நெறி, கோனிக், எகர்வாரி என்னும் ஹங்கேரியக் கணிதவியலாளர்களின் முந்தைய பணியின் மேல் எழுந்ததால் அப்பெயர் பெற்றது. 50 இணைகளை 50 பயனர்களுக்குப் பொருத்தும் வழிகளின் எண்ணிக்கை 65 இலக்கங்கள் கொண்டது. இந்நெறிக்கோ கணினியில் கண்சிமிட்டும் நேரம் போதும். பைத்தானின் சைபை நூலகத்தில் இதே பொருத்தக் கணக்கைத் தீர்க்கும் நிரல் ஆயத்தமாகவே இருப்பதால் நீங்களே எழுத வேண்டியதில்லை. நீக்கப்பட்ட சேர்க்கைகளுக்கு மிகப் பெரிய எதிர்மறை எடையைக் கொடுங்கள். ஒவ்வோர் இணைக்கும் "பகிர்வில்லை" என்ற கற்பனைப் பங்காளியைச் சுழிய எடையோடு சேர்த்துவிடுங்கள். அந்தக் கற்பனைப் பங்காளியிடம் போய்ச் சேரும் இணைகளே தனிப் பிளாக்குக்கோ கோபுரத்துக்கோ திரும்ப வேண்டியவை.

ஒரு பிளாக்கில் பல இணைகளை அனுமதித்தால் இந்த நேர்த்தி போய்விடும். இணைகள் ஒன்றுக்கொன்று குறுக்கிடுவதால் இரண்டிரண்டாகப் பொருத்தும் வழி செல்லாது. கணக்கும் கடினமான வகையைச் சேர்ந்ததாகிவிடும். அங்கே நான் பரிந்துரைப்பது, அருகருகே உள்ள இணைகளைக் கோட்டால் இணைத்து வரைகோலம் ஒன்றை அமைத்து, இணைக்கப்பட்டவற்றுக்கு ஒரே பிளாக் கிடைக்காதபடி நிறமிடுவது. கோபுரத்தில் மிஞ்சியிருக்கும் குறுக்கீட்டு இடத்தை ஒரே பிளாக்கில் சேர்ந்தவர்களுக்குப் பங்கிடுவது. இரண்டு இணைகள் சேர்ந்தால் ஒவ்வொன்றின் கூரையும் 3 டெசிபல் இறங்கும், நான்கு சேர்ந்தால் 6. முன்பு போட்ட அட்டவணையில் வித்தியாசம் நிறைய உள்ள இணைகளுக்கு இது சுமையே அல்ல.

கோபுரம் இல்லாத இடத்தில்

பேரிடரில் கோபுரம் விழுந்துவிட்டாலோ, சாலையில் வாகனங்கள் எல்லைக்கு வெளியே போய்விட்டாலோ, ஒதுக்கீடு செய்ய யாரும் இல்லை. அப்போது சாதனங்கள் கேட்டுப் பார்த்துத் தாமே தேர்ந்தெடுக்கின்றன. எல்டிஇ வாகனத் தொடர்புக்காக 14ஆம் வெளியீட்டில் வந்த நான்காம் முறை இதற்கு நல்ல முன்மாதிரி. சாதனம் கடந்த ஒரு வினாடி முழுவதும் கேட்டதை வைத்து, மற்றவர்கள் வலுவாகப் பிடித்துவைத்திருக்கும் வளங்களை நீக்குகிறது. மிஞ்சியவை மொத்தத்தில் 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் வரம்பை 3 டெசிபல் உயர்த்தி மறுபடி நீக்குகிறது. பிறகு குறுக்கீடு மிகக் குறைவாக உள்ள 20 விழுக்காட்டிலிருந்து ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கிறது. மிகச் சிறந்ததையே எடுக்காததற்குக் காரணம், அருகிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் அதுவே சிறந்ததாகத் தெரியும், எல்லாரும் அதிலேயே மோதிக்கொள்வார்கள். 16ஆம் வெளியீட்டில் வந்த 5ஜி சைட்லிங்க்கின் இரண்டாம் முறையும் இதே சிந்தனையைத் தொடர்கிறது. மாதிரியில் ஒன்றை மறக்க வேண்டாம்: தான் அனுப்பும் கணத்தில் சாதனத்தால் கேட்க முடியாது, எனவே அதே கணத்தில் அனுப்புபவர் அதன் கண்ணுக்குப் படவே மாட்டார்.

சோதிப்பதும் திரும்பக் கணக்கிடுவதும்

முடிவுகளைச் சராசரி வேகமாக மட்டும் காட்டாதீர்கள். பயனர்களின் இடங்களைப் பலமுறை குருட்டாம்போக்கில் மாற்றிப் போட்டு, செல் பயனர்களில் கடைசி 5 விழுக்காட்டினரின் வேகம் பகிர்வுக்கு முன்னும் பின்னும் என்ன ஆயிற்று என்று ஒரு பரவல் வரைபடம் வரையுங்கள். ஒப்பீட்டுக்கு மூன்று கோடுகள் தேவை: பகிர்வே இல்லாதது, குருட்டாம்போக்கில் பொருத்தியது, உங்களுடையது. குருட்டாம்போக்குக் கோட்டுக்கும் உங்கள் கோட்டுக்கும் இடைவெளி சிறிதென்றால், செல்லின் ஆரத்தையும் இணைகளின் தூரத்தையும் எளிதான வகையில் தேர்ந்துவிட்டீர்கள் என்று பொருள். இணையின் தூரத்தை 25 மீட்டரிலிருந்து 50க்கும் 100க்கும் நீட்டிப் பாருங்கள். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் தரை 12 டெசிபல் உயரும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்பக் கணக்கிடுவது என்பது வேகத்தைப் பொறுத்தது. 2 கிகாஹெர்ட்ஸில், மணிக்கு 3 கிலோமீட்டர் நடையில் டாப்ளர் பெயர்ச்சி (நகர்வால் வரும் அலைவரிசை மாற்றம்) ஏறத்தாழ 5.6 ஹெர்ட்ஸ், 60 கிலோமீட்டர் வேகத்தில் 111 ஹெர்ட்ஸ். நடப்பவரின் அலைத்தடம் பல பத்து மில்லிவினாடிகளுக்கு ஏறத்தாழ அப்படியே இருக்கும். வாகனத்தில் செல்பவருடையது சில மில்லிவினாடிகளில் மாறிவிடும். அவ்வளவு விரைவாக எல்லாவற்றையும் அளந்து அனுப்ப இயலாது என்பதால், பொருத்தத்தைத் தூரத்தாலும் நிழலாலும் வரும் மெதுவான இழப்பை வைத்தே முடிவுசெய்து, திறனை மட்டும் அடிக்கடி திருத்துங்கள். கூரைக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் பகிர்வை நிறுத்தவும், அதைவிடச் சில டெசிபல் மேலே ஏறினால் மட்டுமே மீண்டும் தொடங்கவும் விதி வையுங்கள். இரண்டு எல்லைகளும் ஒன்றாக இருந்தால், எல்லையோரத்தில் நிற்கும் இணை பகிர்வுக்குள் வருவதும் வெளியேறுவதுமாக இருந்து, தரவைவிடக் கட்டுப்பாட்டுச் செய்திகளையே அதிகம் அனுப்பிக்கொண்டிருக்கும்.